முருகையன் மாட்டிய புது மோட்டார்

என் நெல் கதிர் வாங்கும் சமயத்தில் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. கீழ்பென்னாத்தூரில் மோட்டாருக்குள் எரிந்த செம்புக் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டும் முருகையன், "நாலு நாள் ஆவும்ணா. அதுவரைக்கும் கடையில சும்மா கெடக்கறத எறக்கறேன்" என்று வேறொன்றை இறக்கிவிட்டுப் போனார். அது அவருடைய சொந்தக் கிணற்று மோட்டார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நாலு நாளும் அவர் வயல் காய்ந்தது.

தொண்ணூற்றெட்டில் ஒரு புது மாதிரி மோட்டாரைப் பற்றி எங்கள் ஊரில் வந்து சொன்னார். "பழசு அஞ்சு மணி நேரம் எறைக்கறத இது மூணு மணியில எறச்சிடும். மீதி நேரம் நிறுத்திடுங்க. கரண்டும் கம்மி, கெணத்துல தண்ணியும் நிக்கும்." அவரை நம்பிப் பத்துப் பேர் மாட்டினோம்.

நிறுத்தினோமா? விவசாயத்துக்குக் கரண்டு இலவசம். எந்நேரம் வருமென்று தெரியாததால், வந்ததும் தானே ஓடும்படி எல்லோரும் ஆட்டோ சுவிட்ச் வைத்திருந்தோம். அதைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. வயல் நிறைந்த பிறகும் மோட்டார் ஓடியது. தண்ணீர் வீணாகிறதே என்று மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட நிலத்தையும் கரும்பாக்கினோம். கரும்புக்குப் போதவில்லை என்று இன்னும் பெரிய மோட்டார். டிரான்ஸ்பார்மர் இரண்டு முறை எரிந்தது. மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவன் நான். அந்த ஆட்டோ சுவிட்சை வைத்ததும் சாமி கும்பிடும் இதே கைதான் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

என் கிணற்றுக்கு மேற்கே பச்சையம்மாள் கிணறு. புருஷனை இழந்தவள். அவள் மல்லாட்டை காய் பிடிக்கும் நேரத்தில் கிணறு சேறாகிவிட்டது. முருகையனைக் கூப்பிட்டு, "மோட்டார் கெட்டுப்போச்சா பாரு சாமி" என்றாள். அவர் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது, என் கரும்பு வரப்பைத் தாண்டித் தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, ரோட்டுலயும் கரும்பு நட்டுட்டியா?"

"எல்லாரும் ஓட்டறாங்க தம்பி. நான் மட்டும் நிறுத்தினா அந்தத் தண்ணிய பக்கத்துக் கெணத்துக்காரன் எடுத்துக்குவான்."

"அவனும் இதையேதான் சொல்றான்" என்று காறித் துப்பினார்.

பச்சையம்மாளின் செடி கருகிப்போனது. அப்புறம் அந்த மோட்டாரை அவர் யாருக்கும் மாட்டவில்லை. இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டு, வேலூரில் மகளோடு இருக்கக் கிளம்பினார். பஸ்ஸில் அவர் பையைத் தூக்கிவைத்துவிட்டு, என் சுவிட்சைக் கழற்றிவிட்டதாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பச்சையம்மா கெணத்துல தண்ணி ஊறினா ஒரு கார்டு போடுண்ணா. சும்மா நல்லாருக்கியான்னு கேட்டு எழுதாத."