போறணைக்குள் சொன்ன சலாம்

எண்பதுகளில் என் கணவர் சவூதியிலிருந்து அனுப்பிய, கேக் சுடும் கேஸ் போறணை, பெருநாளுக்கு முதல் நாள் பழுதாகிவிட்டது. திருகுக் குமிழை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை சின்னச் சுடர் நிற்கும். கையை எடுத்ததும் அணைந்துவிடும். கல்முனைக் கடைத்தெருவில் அடுப்புத் திருத்துகிற ஒருவரை வாப்பா கூட்டி வந்தார். நெடிய மனிதர். இரண்டு புருவமும் தீயில் போயிருந்ததால், எதற்கோ திடுக்கிட்டவர் போலவே இருந்தார்.

சுடருக்குப் பக்கத்தில் நிற்கும் மெல்லிய கம்பியில் கரி படிந்திருந்தது. துடைத்தார். கேக் மா காத்திருக்கிற அவசரத்தில் நான் தீக்குச்சியை எடுத்தேன். பெட்டியைப் பறித்துக்கொண்டார்.

“காலையிலிருந்து திருகித் திருகிப் பாத்திருப்பீங்க. உள்ளுக்கு நிண்ட கேஸ் போகட்டும் புள்ள.”

ஜன்னலைத் திறந்தார். போறணைக் கதவையும் திறந்து வைத்துக் குனிந்து, உள்ளே பார்த்துச் சலாம் சொன்னார். மையவாடி வாசலில் நின்று, அடங்கியிருப்பவர்களுக்குச் சொல்லுகிற அதே தணிந்த குரல். பிறகு தீப்பெட்டியைக் கையில் பொத்தியபடி நின்றார்.

“ஆருக்குக் காக்கா சலாம்?” அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

“ஆருக்குமில்ல. கேஸ் போக நேரம் வேணுமே.”

“அதுக்குச் சும்மா நிண்டாப் போதாதா?”

“சும்மா நிண்டா கை அவசரப்படும் புள்ள. அவவுக்குச் சலாம் சொன்னா நிக்கும்.”

குச்சியை உரசினார். சுடர் நின்றது. போறணை சூடேறியது. அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்த ‘அவ’ யாரென்று நான் கேட்கவில்லை. இன்றும் அவவுக்குச் சலாம் சொல்லாமல் நான் குச்சி உரசுவதில்லை.