பால் சொசைட்டி செண்பகம் சொல்றேன்

செண்பகம் ஒரு சொல் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. மயிலத்திலிருந்து திருவக்கரை போகிற பாதையில் இருக்கும் அந்த ஊர் பால் சொசைட்டியில் பதினாறு வருஷமாகப் பால் பிடிக்கிறாள். காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் கேனை வாங்கி, டிகிரி பார்த்து, சீட்டில் எழுதுவாள். தண்ணீர் கலந்திருந்தால் மாமன் மச்சான் என்று பார்க்கமாட்டாள். போன சித்திரையில் பெரியசாமியின் பாலை வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "தண்ணிய நீங்களே குடிச்சிக்கினு போங்க மாமா" என்றாள். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு, ஏழு கிலோமீட்டர் தள்ளி மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேச்சுவார்த்தை இல்லை.

சொசைட்டிக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நூற்று எண்பத்து நாலு பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் பாதி இருப்பதால் செண்பகம் எதையும் வாய்ஸில்தான் போடுவாள். "பால் சொசைட்டி செண்பகம் சொல்றேன். நாளைக்கு மாட்டு டாக்டர் வர்றாரு, கன்னுக்குட்டிய கட்டி வைங்க." அவ்வளவுதான். மறுநாள் ஊரில் ஒரு கன்று அவிழ்ந்து திரியாது. மகள் இளவரசி விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். போனில் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது அவள்தான். "கலெக்டர் சொன்னாக்கூட நம்ம ஊர்ல யோசிப்பாங்கம்மா, நீ சொன்னா யோசிக்க மாட்டாங்க" என்று கிண்டல் செய்வாள். செண்பகத்துக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பதினைந்து நாளாக அந்தக் குரூப்பில் வந்து கொட்டியதெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வீடியோதான். ஒருவன் குழந்தையைச் சாக்கில் போடுகிறான். ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள். எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு பாவியும் சொல்லமாட்டான். கீழே 'உஷார்' என்று மட்டும் இருக்கும். பார்த்துப் பார்த்து ஊரே அரண்டு போயிருந்தது. புள்ளைகளைக் கூட்டிவர அம்மாக்கள் மூன்று மணிக்கே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள்.

அன்றைக்குப் பௌர்ணமி, வெள்ளிக்கிழமை. காலைப் பாலை வண்டி ஏற்றிவிட்டு, ஒன்பதரை மணி வாக்கில் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். ஹைஸ்கூலுக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருப்பவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"செண்பகம், ரெண்டு பேரு வந்துருக்காங்க. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. போன்ல யாரோ ஒரு பொண்ணு போட்டோவ காட்டி, அது எப்ப வரும் எப்ப போவும், யாரு கூட பழகும்னு வாட்ச்மேன தோண்டித் தோண்டி கேக்கறாங்களாம்."

"எந்தப் பொண்ணு?"

"வாட்ச்மேனு வந்தவாசிக்காரரு, புதுசு. அவருக்கு இன்னா தெரியும்? நீ வந்து பாரு."

செண்பகம் ஈரக்கையோடு போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூட மதிலை ஒட்டி ஒரு பைக். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட, பாதி நரைத்த ஆள். கையில் சிவப்புக் கட்டைப்பையோடு ஒரு பெண். வேறு நாளாக இருந்தால் ஊருக்குள் புது முகம் ஒன்று வந்த உடனே "யாருங்க, எந்த ஊரு, யார் ஊட்டுக்கு?" என்று மூன்று கேள்வி கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை செண்பகம். அன்றைக்குக் கால் எழவில்லை. பயம். நாலடி தூரம்தான், நடக்கவில்லை. போனைக் காதருகே வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லு, ஆங்" என்று இல்லாத ஆளோடு பேசுகிற மாதிரி நடித்து, மெல்லக் கையை இறக்கி ஒரு போட்டோ எடுத்தாள். குரூப்பில் போட்டாள். கூடவே வாய்ஸ்.

"பால் சொசைட்டி செண்பகம் சொல்றேன். இந்த ரெண்டு பேரும் நம்ம ஸ்கூலாண்ட நிக்கறாங்க. பொம்பளப் புள்ளைங்களப் பத்தி விசாரிக்கறாங்க. யாருன்னு தெரியல. உஷாரா இருங்க."

ஆட்கள் கூடுவதற்குள் அந்த இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு திருவக்கரைப் பக்கம் போய்விட்டார்கள். ஊர் தப்பித்தது என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் கேன் கழுவப் போனாள்.

பத்தே முக்காலுக்குக் கல்யாணத் தரகர் சுப்பராயலு போன் செய்தார்.

"ஏம்மா செண்பகம், உன் காதுல போட வேணாம்னாங்க, இருந்தாலும் சொல்றேன். நம்ம இளவரசிக்கு கோலியனூர்ல ஒரு எடம் சொன்னேனில்ல, அந்தப் பையனோட சித்தப்பா சித்தி இன்னிக்கி உங்க ஊருக்கு விசாரிக்க வந்துருக்காங்க. அரங்கநாதன்னு பேரு, அந்தம்மா ராஜாமணி. தாய் தகப்பன் இல்லாத பையன், வளத்து ஆளாக்குனது அவங்கதான். காலையில எட்டு மணிக்கு பேசுனாரு. இப்ப போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறாரு. அங்க வந்தாங்களா?"

செண்பகம் கேனைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா கையில சிவப்புப் பை இருக்குமாண்ணே?"

"அது எனக்கு தெரியாது. அவரு எப்பவும் வெள்ள சட்டதான்."

பெண் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து, பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். செண்பகத்தையும் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் விசாரித்தார்கள். வந்தவர்கள் வைத்திருந்தது அந்த ஸ்கூலில் படித்த இளவரசியின் போட்டோ. மகளைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டுப் போக வந்த இரண்டு பேரைத்தான் அவள் படம் பிடித்து ஊருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

குரூப்பைத் திறந்து போட்டோவையும் வாய்ஸையும் எல்லோருக்கும் அழித்தாள். "தப்பா சொல்லிட்டேன், அவங்க நமக்கு வேண்டியவங்க, யாருக்கும் அனுப்பாதீங்க" என்று புதிதாக ஒரு வாய்ஸ் போட்டாள். அதற்கு ஒருவர் கும்பிடு போட்டார். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். இந்த வாய்ஸை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

அப்போது அவள் எடுத்த போட்டோ அவளுக்கே வந்தது. திண்டிவனத்தில் இருக்கும் நாத்தனார் அனுப்பியிருந்தாள். இரண்டு முகத்தைச் சுற்றியும் சிவப்பு வட்டம். முதலில் செண்பகத்தின் குரல், அதில் 'யாருன்னு தெரியல' என்ற வார்த்தையை மட்டும் காணோம். யாரோ நறுக்கி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆண் குரல், கனமாக, நிறுத்தி நிறுத்தி: "காவல்துறை எச்சரிக்கை. இந்தக் கும்பல் இதுவரை பதினோரு குழந்தைகளைக் கடத்தியுள்ளது." எந்தப் போலீஸ்காரரும் அதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எழுதிக் கொடுத்தால் போனே எந்தக் குரலிலும் பேசும் என்று இளவரசி ஒரு நாள் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு அம்மாவும் மகளும் அதை வைத்து மாட்டுக்குப் பாட்டுப் பாடவைத்துச் சிரித்தார்கள். இப்போது அந்தக் குரல் போலீஸ் பேச்சாகவே கேட்டது. தான் எடுத்த படம் என்று தெரியாதிருந்தால் அவளும் நம்பியிருப்பாள்.

நாத்தனாருக்குப் பதில் போடுவதற்குள் அடுத்தது வந்தது. பைக் பஞ்சராகிக் கிடக்கிறது. வெள்ளைச் சட்டையைச் சுற்றி ஆட்கள். 'மாட்டிக்கிச்சு' என்று எழுதி ஊர் பெயரும் போட்டிருந்தது. பெரியசாமி மாட்டை ஓட்டிக்கொண்டு போன அதே ஊர்.

போலீஸுக்கு நூறு அடித்துச் சொன்னாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அதுவரை உட்கார்ந்திருக்க முடியுமா? தன் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இருபக்கமும் மல்லாட்டைக் கொல்லை, கடலைச் செடி தவிர ஆள் இல்லை. வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. வழியில் ஒரு டீக்கடையில் நாலு பேர் ஒரே போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள், அதிலிருந்து அவள் குரல் வந்தது: "பால் சொசைட்டி செண்பகம் சொல்றேன்." அவளுக்கு முன்னால் அவளே போய்க்கொண்டிருந்தாள். அந்த ஆளைக் கொன்றுவிட்டிருப்பார்கள், நான்தான் கொன்றேன் என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினாள்.

வேப்பமரத்தடியில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அரங்கநாதனை மரத்தோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். நெற்றி கிழிந்து வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். ராஜாமணி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். ஒருவன் கையில் அவர் போன். "பாரு, இந்தப் பொண்ணதான் தூக்க வந்துருக்கான்" என்று எல்லோருக்கும் இளவரசியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

செண்பகம் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவருக்கு முன்னால் நின்றாள். "அது எம் பொண்ணு. இவங்க என் பொண்ணக் கேட்டு வந்தவங்க. அந்த வாய்ஸு என்னுது. நான்தான் தப்பா அனுப்பிட்டேன். உட்டுருங்க."

போன் வைத்திருந்தவன் சிரித்தான். "பால் சொசைட்டி அம்மா போலீஸோட சேந்து சொல்றாங்க. நீ யாரு? கூட வந்தவளா?"

"நான்தாம்பா செண்பகம். என் கொரலு தெரியலையா?"

"கொரல இப்ப யாரு வேணா செய்யலாம்."

விழுப்புரத்துக்கு வீடியோ கால் போட்டாள். இளவரசி வெள்ளைக் கோட்டோடு திரையில் வந்து, "என்னம்மா ஆச்சு" என்றாள். செண்பகம் போனைத் தூக்கிக் காட்டினாள். "வீடியோவையும்தான் செய்றாங்க, இவங்க பெரிய கும்பல்டா" என்றான் அவன். பின்னாலிருந்து ஒரு கை அவள் ஜடையைப் பிடித்து இழுத்தது. அப்போதுதான் செண்பகத்துக்குத் தான் உயிரோடு திரும்பமாட்டோம் என்று பட்டது. நிஜமான குரலும் நிஜமான மகளும் அங்கே பொய்யாகிவிட்டார்கள். காட்டுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"ஜடைய உடுறா." மாட்டுக் கயிற்றோடு வந்துகொண்டிருந்தார் பெரியசாமி. கூட்டம் வழி விட்டது. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவள போலின்றியா? நான் ஊத்துன பால்ல தண்ணின்னு ஊரே பாக்கச் சொல்லி அனுப்புனவ இவ. அன்னையிலேர்ந்து இவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன்." மருமகன் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். "அன்னிக்கி அவ சொன்னது நெசம். நான்தான் ஊத்துனேன். இன்னிக்கி சொல்றதும் நெசமாத்தான் இருக்கும். கட்டய கீழ போடுங்க."

ஒரு கட்டை விழுந்தது. பிறகு இன்னொன்று. போலீஸ் ஜீப் வந்தபோது கூட்டத்தில் பாதியைக் காணோம்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் ஏற்றித் திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் செண்பகமும் கூடவே ஏறிக்கொண்டாள். ஒன்பது தையல். உயிருக்குப் பயமில்லை, ஒரு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். வார்டுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாமணியின் புடவையில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ங்க. வெசாரிக்க வந்த எடத்துல சொல்லக் கூடாதுதான். ஆனா நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

செண்பகம் அவள் காலைத் தொடப் போனாள். ராஜாமணி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு இளவரசி கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலே சொன்னது.

"அம்மா, உன் போட்டோ வருது. அவங்கள கையப் புடிச்சி வண்டியில ஏத்தறியே, அது. கும்பலோட தலைவி தப்பிக்க வைக்கறாளாம். எங்க லேப்ல ஒருத்தரு எனக்கே காட்றாரு. கோலியனூர் வரைக்கும் போயிடுச்சாம். நீ பஸ்ஸுல வராத. நான் வர்றேன், அங்கயே இரு."

நாலரைக்குப் பால் பிடிக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, நூறு பேர் நடுவில் நின்று, வண்டி ஏறவேண்டும். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிர் பெஞ்சில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். போனைப் பார்த்தாள். செண்பகத்தைப் பார்த்தாள். ராஜாமணியின் சிவப்புப் பையைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு, போனைக் காதருகே கொண்டுபோய், "ஆங், சொல்லு, ஆங்" என்றாள். மெல்லக் கை கீழே இறங்கியது.

செண்பகம் எழுந்து போய் அவள் முன்னால் நின்றாள்.

"யம்மா, அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேளு. நான் யாரு, எந்த ஊருன்னு கேளு. காலையில நான் கேக்காம உட்டுட்டேன்."

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். எதுவும் கேட்கவில்லை. அனுப்பி முடித்திருந்தாள்.