காஸ்டிங் என்று எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர்கள்

ஓசூரிலிருந்து கப்பலேறிய இயந்திரங்களில் எத்தனை என் பெட்டிக்குள் போயிருக்கின்றன என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவன், ஓசூருக்கு வந்து தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி அடிக்க ஆரம்பித்தேன். இன்று சொந்தப் பட்டறை இருக்கிறது. மரத்துக்குச் சூடேற்றும் அறை இருக்கிறது. வெளிநாடு போகும் பலகையில் பூச்சி இருக்கக் கூடாது, சூடேற்றி முத்திரை குத்தினால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த முத்திரை குத்தும் அனுமதி என்னிடம் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்கள் வந்து, இந்த மெஷினுக்கு எத்தனை இன்ச் பலகை போடலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொல்வேன். ஒருமுறையும் தப்பியதில்லை.

உழைப்பால் உயர்ந்தவர் என்று என்னைச் சொல்வார்கள். உழைக்காதவன் யார்? என்னை உயர்த்தியது சந்தேகம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் எவனும் விலை பேசமாட்டான். நான் மனிதர்களிடமும் அப்படித்தான். மர வியாபாரி ஈர மரத்தைக் காய்ந்த மரம் என்பான். லாரிக்காரன் டயர் பஞ்சர் என்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். நம்புவது வேறு.

எங்களுக்கு ஒரே மகள். கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள். தான்சானியாவில் ஒரு சின்ன ஊரில் அவர்கள் சபை நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள்.

"அப்பா, பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை வருது. நாலு மாசம்தான் இருக்குது. இங்க ஒரே ஒரு மெஷின்தான் ஓடுது. பரீட்சை எழுதறது இருபத்திரண்டு பேரு."

"இதுக்கா கவலைப்படற? நான் அனுப்பறேன் போ."

"அனுப்ப வேணாம்பா. பக்கத்து டவுன்லயே கடை இருக்குது. ரிப்பேர்னா அவங்களே வந்து பாப்பாங்க. நம்ம ஊரு பிளக்கு இங்க சேராது, இங்கெல்லாம் சதுரக் காலு. உங்களால முடிஞ்சதைப் பணமா அனுப்புங்க, போதும்."

பொருள் வேண்டாம், பணமாகக் கொடு என்று யார் கேட்டாலும் என் காது விடைத்துக்கொள்ளும். பெற்ற மகள் கேட்டாலும் அப்படித்தான்.

"அந்தக் கடைக்காரன் யாரு?"

"எதுக்குப்பா? நம்ம நாட்டுக்காரருதான். அவங்க தாத்தா காலத்துல இருந்து இங்க இருக்காங்க."

நம் நாட்டுக்காரன் என்றதும் என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"சாமிக்குக் குடுத்த பொண்ணையே சந்தேகப்படறீங்களே, நீங்கெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள்.

"அவள இல்ல. அவ பக்கத்துல நின்னு பேச வைக்கறவன."

"அவ பக்கத்துல மாதாதான் நிக்குது. போயி அதையும் ஒரு விசாரணை போட்டுட்டு வாங்க."

நான் முடிவு செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் இங்கிருந்துதான் போகும், என் பெட்டியில்தான் போகும்.

பல வருஷமாக நான் பெட்டி அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரைப் பார்த்துப் பேசினேன். பள்ளிக்கூடத்துக்கு என்றதும் பதினான்கை எழுதிக் கொடுத்துவிட்டார். சும்மா கொடுத்ததாலேயே எனக்கு உறுத்தியது. உள்ளே நல்ல பாகத்தையெல்லாம் கழற்றிக்கொண்டு வெறும் டப்பாவைக் கொடுத்திருந்தால்? என் அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண் உத்தனப்பள்ளியிலிருந்து வருகிறவள், கம்ப்யூட்டர் படித்தவள். பதினான்கையும் வரிசையாக வைத்து மூன்று நாள் அணைக்காமல் ஓட்டச் சொன்னேன். எல்லாம் ஓடின. அதன் பிறகு ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஆணியால் ஒரு சின்னக் கோடு கிழித்துவைத்தேன். வழியில் எவனாவது மாற்றினால் எனக்குத் தெரியவேண்டும் இல்லையா? சதுரக்கால் பிளக்குக்கும் பெங்களூருக்கு ஆள் அனுப்பினேன்.

பெட்டி இரண்டு, பெட்டிக்கு ஏழு. அடியில் ரப்பர், சுற்றிலும் ஸ்பாஞ்ச், ஆணி கிடையாது, எல்லாம் ஸ்க்ரூ. மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருப்பவற்றின் தூக்கம் கலையாது. அப்படி ஒரு பெட்டியை இந்த ஜில்லாவில் வேறு ஒருவன் அடித்துக் காட்டட்டும்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்லவேண்டும். முன்பொரு காலத்தில் நான் அனுப்பிய ஒரு பெட்டியை, சாப்பாட்டுக் கடை ஓரம் லாரி நின்ற நேரத்தில் உடைத்துவிட்டார்கள். மேலே மோட்டார் என்று எழுதியிருந்ததுதான் வினை. அன்றிலிருந்து விலை கூடிய சரக்கு எது போனாலும், பெட்டியின் மேல் காஸ்டிங் என்று இங்கிலீஷில் அச்சு வைத்துக் கறுப்பு மையடித்துவிடுவேன். காஸ்டிங் என்றால் வார்ப்பிரும்பு. அதைத் திருடி எவன் என்ன செய்வான்? தூக்கவே நாலு ஆள் வேண்டும். சென்னைவரை லாரியில் போகிற உள்நாட்டுச் சரக்குக்கு இது பட்டறையில் வழக்கமாகிவிட்டது. ஒரு பெட்டியும் காணாமல் போனதில்லை. கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் நானே என் கையால் அப்படி மையடித்தேன்.

துறைமுகக் காகித வேலைகளைப் பார்க்க ஒரு ஏஜென்ட் இருந்தார். ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னோடு இருபது வருஷப் பழக்கம். பழைய கம்ப்யூட்டர் பதினான்கு, பள்ளிக்கூடத்துக்குத் தானம் என்று காகிதத்தில் சரியாக எழுதிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, பெட்டி மேல மார்க் போட்டாச்சா?"

"எல்லாம் போட்டாச்சு."

அவர் வருவதற்குள் மழைக்காகப் பெட்டிகளைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டிருந்தேன். அதைக் கிழித்துப் பார்க்கிற திருடனுக்குத்தான் அந்த எழுத்து. என்ன எழுதினேன் என்று சொல்லவில்லை. இருபது வருஷம் பழகினால் மட்டும் என்ன?

சென்னையில் பெட்டியைத் திறக்கவில்லை, கப்பல் போய்விட்டது. நாற்பது நாள் கழித்து மகளின் குரல் வந்தது, வணக்கம்கூட இல்லாமல்.

"அப்பா, பெட்டியத் துறைமுகத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. பேப்பர்ல கம்ப்யூட்டர்னு இருக்குது, பெட்டி மேல வேற என்னமோ இருக்குது. இது யாரு எழுதினது?"

போட்டோவில் என் கையெழுத்துப் போல என் மை பளிச்சென்று தெரிந்தது. வாய் தன்னால் சொல்லிவிட்டது: "எனக்குத் தெரியாதும்மா. ஏஜென்ட் ஆளுங்க யாராச்சும் பண்ணியிருப்பாங்க."

"பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான்பா" என்றாள். "எழுதினது யாரு, ஏன் எழுதினாங்கன்னு அனுப்பினவங்களே தங்க லெட்டர்ஹெட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பினா பத்துப் பதினஞ்சு நாள்ல விட்டுடுவாங்களாம்."

அன்று சாயங்காலமே ஏஜென்ட் பட்டறைக்கு வந்துவிட்டார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, மரக்கட்டைமேல் சாய்த்துவிட்டு வந்தார்.

"ஏமண்ணா, உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்? நான் பேப்பர்ல கம்ப்யூட்டர்னு எழுதறேன், நீங்க பெட்டி மேல இரும்புன்னு எழுதறீங்க. அங்க இருக்கறவன் எதை நம்புவான்?"

"அது திருடன் நம்பறதுக்கு எழுதினது."

"திருடன் எங்கண்ணா படிச்சான்? ஆபீசர்தான் படிச்சான். அந்த சைஸ் பெட்டில காஸ்டிங் இருந்தா கிரேன் வெச்சுத் தூக்கணும். எடை பாத்திருக்கான், கால்வாசி கூட வரல. விடுவானா?"

முகம் தெரியாத அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எழுத்தை நம்பாமல் எடை போட்டுப் பார்த்திருக்கிறானே, வேலை தெரிந்தவன்.

ஆனால் கடிதம் எழுத மனம் வரவில்லை. தவறு என்னுடையது என்று என் பெயர் போட்ட தாளில், என் முத்திரை குத்தி, கடல் கடந்து அனுப்புவதா? இந்தத் தொழிலில் அப்படி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அதோடு வேறு பயமும் இருந்தது. நாளைக்கு இதே தாளை எவனாவது எடுத்துக் காட்டி, மரத்துக்கு முத்திரை குத்தும் அனுமதியைப் பிடுங்கிவிட்டால்? கடிதம் கேட்பது உண்மையிலேயே துறைமுகம்தானா, இல்லை அந்தக் கடைக்காரன் பின்னாலிருந்து ஆட்டுகிறானா? பெட்டி வராவிட்டால் அவனுக்குத்தானே வியாபாரம்? ஒரு நாள் தள்ளினேன், இரண்டு நாள் தள்ளினேன். மகள் போன் செய்தாள், பட்டறையில் சத்தம் என்று வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் ஆயிற்று. அன்று அவள் வீடியோவில் வந்தாள். பின்னால் மேசைமேல் எட்டுப் புதுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன.

"மடத்துல பேசி எட்டு வாங்கிட்டோம்பா. காத்திருக்க முடியல."

"திருப்பு பாக்கலாம். பின்பக்கம் காட்டு. பில்லு குடுத்தானா? புதுசுதானா, இல்ல துடைச்சுக் குடுத்தானா?"

திருப்பிக் காட்டினாள், எட்டையும், ஒவ்வொன்றாக. வயர் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து எனக்குக் கும்பிடு போட்டார். அவர்தான் கடைக்காரர் என்றாள். கடையை விட்டுவிட்டு அவரே வந்து மாட்டிக்கொண்டிருந்தார். பிளக்கு சுவரில் சரியாக உட்கார்ந்தது.

"அப்பா" என்றாள், போனைத் தன் பக்கம் திருப்பி. "அந்த ஏஜென்ட் அண்ணன் பேர எழுதித் துறைமுகத்துல குடுக்கவா? நீங்க சொன்னதைத்தானே நான் எழுத முடியும்? அவரு தொழிலே போயிடும்னு சொல்றாங்க."

என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. "எழுதாத" என்றேன். "நான்தான் எழுதினேன். திருட்டுப் பயத்துல எழுதினேன்."

"தெரியும்பா" என்றாள். "உங்க பட்டறைல எத்தனை தடவை பாத்திருக்கேன்."

உடனே டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பெட்டியின் மேல் தவறாக எழுதியது அனுப்புநராகிய நானே என்று ஆரம்பித்தேன். அவள் அடித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"சார், தெரியாமன்னு போடட்டுமா, தெரிஞ்சேன்னு போடட்டுமா?"

"தெரியாமன்னு போட்டா எடை போட்டவன் நம்ப மாட்டான். தெரிஞ்சே, திருட்டுக்குப் பயந்துன்னு போடு."

கையெழுத்துப் போட்டேன். ஏஜென்ட் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். காபி குடித்துவிட்டுப் போனார்.

பெட்டிகள் வெளியே வந்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. பதினான்கும் ஓடின. ஒரு கண்ணாடி விரிசல் இல்லை. மகள் அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பரீட்சை எப்படி நடந்தது என்று நானாகக் கேட்டுத்தான் மீதியைச் சொன்னாள். இருந்தது ஒன்பது மெஷின், எழுதினது இருபத்திரண்டு பேர். மூன்று தடவையாக உட்கார வைத்திருக்கிறார்கள். கடைசி நாலு பிள்ளைகள் உட்கார்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பாதியில் கரண்ட் போய்விட்டது. அந்த நாலு பேரும் அடுத்த வருஷம்தான் எழுதவேண்டும். பெட்டி ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் எல்லாரும் காலையிலேயே ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை. கணக்கு எனக்கே வரும், ஐந்தாம் வகுப்பு படித்திருக்கிறேன்.

இங்கிருந்து அனுப்புவதா, அங்கேயே வாங்குவதா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், மெஷின் கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பான் என்று திருப்பிக் கேட்பேன். அங்கே ஆள் இருந்தால் அங்கேயே வாங்கு. பெட்டி விற்கிறவன் நானே சொல்கிறேன்.

மறு வருஷம் இன்னும் ஆறு வேண்டும் என்றாள். அங்கேயே வாங்கிக்கொள் என்று பணம் அனுப்பினேன். நான் கேட்கவில்லை, பில்லைப் போட்டோ எடுத்து அவளே அனுப்பிவிட்டாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் விலை கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. போனைப் போட்டேன்.

"என்னப்பா, பில்லு பாத்தீங்களா?"

"அதெல்லாம் கெடக்கட்டும். அந்த நாலு பொண்ணுங்களும் இந்தத் தடவை எழுதிட்டாங்களா?"

எழுதிவிட்டார்கள் என்றாள்.