வலது வளைவு

பதினாறு வருடம் நான் இடது பக்கமாக மட்டுமே வளைந்தவள். ரோலர் ஸ்கேட்டிங் பந்தயத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். மைதானத்தின் நடு எப்போதும் நம் இடது கைப் பக்கம் இருக்கும். அந்த வளைவில் என்னை முந்த மாநிலத்தில் ஆள் இல்லை. பாறசாலை வீட்டு அலமாரியில் பதக்கங்கள் இன்னமும் தொங்குகின்றன, கறுத்துப்போய்.

பிறகு முட்டி போனது. காரக்கோணத்தில் ஆபரேஷன் செய்துவிட்டு, நடக்கலாம், காலில் சக்கரம் கட்டக்கூடாது என்றார்கள். வேகத்தின் ருசி கண்டவள் நடந்து என்ன செய்ய? நெய்யாற்றின்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அத்தான், அக்காவின் கணவர், மண்பாதைப் பந்தயத்துக்கு ஒரு பழைய காரைத் தயார் செய்து தந்தார். சாம்பியனுக்கு ஸ்டியரிங் எம்மாத்திரம் என்று நினைத்தேன். திமிர், வேறென்ன.

ஒரு பந்தயக் குழுவில் பெண்ணுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. ஓட்டிக் காட்ட ஒரே ஒரு சுற்று. எனக்கு முப்பத்திரண்டு வயது. இது போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பயிற்சியில் இடது வளைவெல்லாம் வெண்ணெயாக வந்தது. வலது வளைவு வந்தால் மட்டும் கண் ஒரு நொடி இடது பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"பேடியாக்கும், மக்கா?" என்றார் அத்தான்.

"பயம் ஒண்ணும் இல்ல அத்தான். ஒடம்பு அந்தப் பக்கம் வரமாட்டேங்கு."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாவ. நீ அம்பலத்த சுத்து. அங்க சாமிய வலப்பக்கம் வச்சுல்லா சுத்தணும். இடது பக்கம் திரும்ப வழியே இல்ல."

சிரித்தேன். ஆனாலும் போனேன். ஒரு மாதம், தினமும் சாயங்காலம் நூற்றியொரு சுற்று. ஏதோ நேர்ச்சை, பெரிய வேண்டுதல் என்று நினைத்து, பூசை செய்யும் போற்றியே அசந்துபோனார். சாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கழுத்தைத்தான் பழக்கிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் மரங்களை வெட்டிய ஒரு விளையில் ஓட்டிக் காட்டினேன். இரண்டு வலது வளைவுகளைச் சரியாக எடுத்தேன். கடைசி வளைவும் வலதுதான். அங்கே வேகம் கூடியது, வேகம் கூடியதும் உடம்பு ஸ்கேட்டிங் மைதானத்துக்குப் போய்விட்டது. கண் இடது பக்கம் போனது. கார் ஒரு மரக்குற்றியில் ஏறி நின்றது. அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அத்தான் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குனிந்து உடைந்த பம்பரைப் பொறுக்கினார்.

மறுநாள் சாயங்காலம் கால் தானாக அம்பலத்துக்குப் போனது.

"நேர்ச்ச பலிச்சுதா மக்கா?" என்று கேட்டார் போற்றி.

சுற்ற ஆரம்பித்தேன். நூற்றியொரு சுற்றிலும் கண் ஒரு தடவைகூட இடது பக்கம் போகவில்லை. நடக்கிற வேகத்தில் எனக்கு எல்லாம் சரியாக வருகிறது.