பொன்னி கொளுத்திய இருபது முழம்

காய்ந்த புல்லில் தீ ஏறும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் நோட்டுத் தாளைக் கிழித்தால் எப்படி இருக்கும்... அப்படி இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், சனிக்கிழமை மத்தியானம் அதைக் கேட்டேன். இன்றைக்கும் பக்கத்தில் யாராவது காகிதம் கிழித்தால் எங்கேயாவது புகை தெரிகிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

மலைமேல் கரடியூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் சரிவு நிலம். வாங்கும்போது முழுக்க உண்ணிச்செடிப் புதர், ஆள் நுழைய முடியாது. ஒரு காலத்தில் அது புல்லுக்காடாக இருந்தது, காடைகள் கத்திக்கொண்டே இருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். எல்லாரும் காபிச் செடி போடச் சொன்னார்கள். எனக்கு என்னவோ அந்தப் புல்லையும் காடையையும் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். சிரித்துவிட்டு ஒரு மண்வெட்டி வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வருஷம்... பள்ளிக்கூடம் விட்டதும் போய் வேரோடு பிடுங்கினேன். கையில் சாக்பீஸ் வாசனையும் உண்ணிச்செடி வாசனையும் சேர்ந்தே இருக்கும். விதை எதுவும் தூவவில்லை. வகுப்பில் சத்தம் போடுகிற நாலு பேரை வெளியே நிறுத்தினால், அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் மெதுவாகக் கை தூக்குவார்கள் இல்லையா? புல் அப்படித்தான் வந்தது. முதலில் அங்கொரு கொத்து, இங்கொரு கொத்து. அப்புறம் இடுப்பளவு.

மூன்றாம் வருஷம் மார்கழியில் முதல் காடை கத்தியது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கே தாமதமாகப் போனேன்.

எங்கள் நிலத்துக்கு மேல்பக்கம் பொன்னியின் அரை ஏக்கர் காபி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் காபிதான் அவர்களுக்குச் சோறு.

தீ எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். மாட்டுக்குப் புதுத் தளிர் வரட்டும் என்று வெயில் காலத்தில் காய்ந்த புல்லைக் கொளுத்துவது மலையில் வழக்கம். கீழே யாராவது வைக்கிற தீ, என் புல் வழியாக ஏறினால் நேராக அவள் காபிதான்.

தை மாதம் வந்து கேட்டாள். “டீச்சருங்க, எல்லையில இருவது மொழம் மட்டும் பனி ஈரத்துல இப்பவே சுட்டு உட்ரலாமுங்க. அப்பறம் தீ வந்தாலும் அங்க திங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

மூன்று வருஷம் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்ததை நானே கொளுத்துவதா? முடியாது என்றேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால், எல்லை நெடுக இருபது முழம் கரியாகக் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அவளும் பெண்களும் கொளுத்தியிருக்கிறார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“எனக்குத் தூக்கம் வரோணுமுங்க.”

இரண்டு மாதம் பேச்சு இல்லை. வழியில் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. புல்லுக்கு நடுவில் ஒரு காடை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாசனை. அப்புறம் கீழ் நிலத்துப் புதருக்குள்ளிருந்து புகை. அப்புறம் அந்தச் சத்தம். காற்றும் மேல்நோக்கித்தான் அடித்தது. நான் எழுந்து நின்றேன்.

மேலேயிருந்து பொன்னி தழைக் கிளைகளோடு ஓடி வந்தாள். “எங்கிட்டப் பேசாட்டிப் போவுதுங்க. தழைய ஒடிங்க, இந்தக் கறுப்புல வந்து நில்லுங்க.”

கரிந்த தரையில் நின்றோம். தீ ஆள் உயரத்துக்கு வந்தது. அந்தக் கூடு ஞாபகம் வந்து நான் நாலு எட்டு புல்லுக்குள் ஓடிவிட்டேன். பொன்னி புடவையைப் பிடித்து இழுத்துக் கறுப்புத் தரையில் தள்ளினாள்.

“நீங்க வெந்து போனா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு நானுங்களா பதில் சொல்றது?”

முகம் காந்தியது. பொறி பறந்து காபிச் சருகில் இரண்டு இடத்தில் விழுந்தது. அவள் பெண்கள் தழையால் அடித்தார்கள். இதோ தாண்டப் போகிறது, இதோ... என்று நினைக்கும்போதே, கறுப்புத் தரையின் விளிம்பில் தீ படுத்துவிட்டது.

பொன்னியைப் பார்த்தேன். தீ அணைந்த பிறகும் தழையால் வெறும் கரியை அடித்துக்கொண்டே இருந்தாள். என்னைவிட அவள் பயந்திருந்தாள். அன்றைக்கு மட்டுமா? என் புல் வளர்ந்த ஒவ்வொரு நாளும் பயந்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

 அவளே பேச்சை ஆரம்பித்தாள். “கணக்கு டீச்சருங்க. இருவது மொழத்துக்குக் கணக்குப் போடத் தெரியலையே.” அழுதுகொண்டே சிரித்தேன்.

முட்டைகள் கருகிப் போயிருந்தன. தாய் தப்பித்ததா தெரியாது. ஆனால் முதல் மழைக்கே வேரிலிருந்து புல் வந்துவிட்டது. நான் பிடுங்காமல் விட்ட உண்ணிச்செடிக் கன்றுகளில் பாதி, தீக்குப் பிறகு திரும்ப வரவேயில்லை. ஆடி மாதம் காடை கத்தியது... பொன்னி சுட்ட இடத்துப் பக்கமிருந்து.

அடுத்த தையிலிருந்து தீக்குச்சி கிழித்தது நான். அதற்கு முன் பொன்னி தட்டைத் தட்டிக்கொண்டு புல்லுக்குள் நடப்பாள். இருக்கிற உயிரெல்லாம் விலகிப் போகட்டும் என்று.

இப்போது பொன்னி பெண்ணோடு திருப்பூரில் இருக்கிறாள். காபித் தோட்டம் இருந்த இடத்தில் காட்டேஜ்கள். என் புல்லில் பாம்பு இருக்கும், வருகிறவர்கள் பயப்படுகிறார்கள், முழுக்க வெட்டிவிடுங்கள் என்கிறார் அங்கே மேனேஜராக இருக்கும் இளைஞர். தீயைப் பற்றிச் சொன்னேன். பார்க்கலாம் மேடம் என்றார். எல்லையில் சிகரெட் துண்டுகள் கிடக்கின்றன. அன்றைக்கு மேலே ஒருத்தி என் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மேலே அத்தனை விளக்கு எரிகிறது, புல்லைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அதுதான் எனக்கு இப்போது பயம்.

தை பிறந்தால் பொன்னியிடமிருந்து போன் வந்துவிடும். “சுட்டாச்சுங்களா?”

ஆச்சு என்று நான் சொல்கிறவரை அவளுக்குத் தூக்கம் வராதாம். இங்கே அவளுக்கு இப்போது ஒரு காபிச் செடிகூட இல்லை.