மூளைக்காய்ச்சல் வந்த ஐப்பசி

எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஒரு காய்ச்சல் ஊருக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை பிடித்து, திருவெண்ணெய்நல்லூர் ரோடு வரைக்கும் நட்ட வயலெல்லாம் தண்ணீர் நின்றது. முதலில் வந்தது என் அத்தை மகனுக்கு.

அவனுக்கு எட்டு வயது. முதல் நாள் சாயங்காலம்வரை நானும் அவனும் வரப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை தலை வலிக்கிறது என்றான். மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. பொழுது சாய்வதற்குள் அத்தையைப் பார்த்தே யார் என்று கேட்டான். வலிப்பு வந்ததும் மாட்டுவண்டியில் ரோட்டுக்குக் கொண்டுபோய், விழுப்புரம் போய், அங்கிருந்து பாண்டிச்சேரிக்கும் தூக்கிப் போனார்கள். மூன்றாம் நாள் வாடகைக் காரில் திரும்பி வந்தான். அத்தை மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் காலைக் கிள்ளினேன்.

அடுத்த பத்து நாளில் கீழத்தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போயினர். ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றாமல் விட்டதுதான் என்றார்கள் சிலர். புதிதாக வந்த உரம் தண்ணீரில் கலந்துவிட்டது என்றார்கள் சிலர். கிணற்றில் எவனோ எதையோ போட்டுவிட்டான் என்றும் ஒரு பேச்சு இருந்தது. என் அப்பா எதையும் விட்டுவைக்கவில்லை. ஐப்பசியில் கூழ் ஊற்றினார், மீதி உர மூட்டையைப் புதைத்தார், கிணற்றுக்குக் கீற்று போட்டு மூடினார். பிறகு என்னைத் திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே தெருக்குழாயடியில் ஒருத்தி, “எந்த ஊரு பாப்பா?” என்று கேட்டாள். நான் ஊர்ப் பெயரைச் சொல்லி, “எங்க ஊர்லதான் மூளைக்காய்ச்சல்” என்றும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன். வரிசையில் இருந்த குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, குழாய் எனக்கு மட்டும் என்றாயிற்று. அன்று மாலை வீட்டுச் சொந்தக்காரர் வந்து, “கொழந்தைய ஜல்தி ஊருக்கு அனுப்பிடுங்க, பேஜாரா பூடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா எனக்கென்று தனித் தட்டும் டம்ளரும் வாங்கியிருந்தாள். நான்காம் நாள் என்னைத் திருப்பி அனுப்பும்போது அவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். பரிசு என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுப் பரண்மேல் வைத்தாள்.

நான் திரும்பிய மறுநாள், காய்ச்சலைப் பற்றி ஆராய ஒரு ஜீப் வந்தது. ஒரு டாக்டரம்மாவும் இரண்டு உதவியாளர்களும் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி மேசை போட்டார்கள். சாயங்காலமானதும் உதவியாளர்கள் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் போனார்கள். வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு, அதன் மறுமுனையில் இருந்த கண்ணாடிக் குழாயை மாட்டின் வயிற்றருகே நீட்டி, உட்கார்ந்திருந்த கொசுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடித்தார்கள். பிடித்ததை வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட்டார்கள். கொட்டகை வாசலில் ஊரே நின்றது.

“இம்மாம் படிப்பு படிச்சிட்டு வந்து கொசு உறிஞ்சிக்கினு இருக்கானுங்க பாரு” என்று ஒருவர் சொல்ல, அந்த மாதத்தில் முதல் தடவையாக ஊர் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூட ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். மேசையில் இருந்த கருவியில் கண்ணை வைக்கச் சொன்னார்.

முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய மிருகம் தெரிந்தது. உடம்பெல்லாம் செதில். தலையில் இறகு வைத்ததுபோல் இரண்டு கொம்பு. நீண்ட மூக்கு, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வளையம். தினமும் என் தொடையில் அடித்துக் கொன்றுபோட்ட கொசு இவ்வளவு அலங்காரத்தோடு வந்து போயிருக்கிறது என்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

“கிருமி எங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“இதுல பாத்தா தெரியாதும்மா. இந்தக் கொசு உங்க ஊர் ஏரி அளவு பெருசுன்னு வச்சிக்கோ. அதுல ஒரு நெல்லு கெடந்தா, அவ்ளோதான் அது.”

வயலில் நிற்கும் கொக்கு உடம்பிலும் பன்றி உடம்பிலும் அந்தக் கிருமி வளர்கிறது, அவற்றைக் கடித்த கொசு பிள்ளைகளையும் கடிக்கிறது என்றார். வெளியே வந்து பார்த்தேன். எங்கள் வயலில் பத்துப் பதினைந்து கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. பிறந்ததிலிருந்து பார்த்த கொக்குகள்தான். அன்று அவற்றின் பக்கத்தில் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார்கள். ரத்தத்தை மெட்ராஸில் விற்றுவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜீப்பை மறித்துக் கட்டைவண்டியைப் போட்டார்கள். “செத்தது போதும், கெளம்புங்க” என்று அப்பா கத்தினார். டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அப்போதுதான் அத்தை வந்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. கூட்டம் தானாக வழி விட்டது. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“எனக்கு எடுங்கம்மா.”

ஊசி ஏறி, ரத்தம் குழாயில் நிறைவதை அவள் கண் சிமிட்டாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “எங்க ஊட்ல எல்லாரும் ஒரே தரையிலதான் படுத்துக்கினு இருந்தோம். எல்லாரையுந்தான் கொசு கடிச்சுது. எம்புள்ளைக்கு மட்டும் ஏம்மா?”

டாக்டரம்மா ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார்.

“தெரியலைங்கம்மா. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே இன்னும் தெரியல. அதுக்குத்தான் ரத்தம் கேக்குறோம்.”

எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. நெல்மணி அளவு கிருமியைப் பற்றியெல்லாம் சொன்னவருக்கு இது தெரியவில்லையா? ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்த அந்த மாதத்தில், தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அத்தை அவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“நிக்கிறீங்களே, புள்ளைங்கள இட்டுக்கினு வாங்க” என்றாள்.

முதலில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பா தடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நின்றது. கட்டைவண்டியை எப்போது நகர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்து, அறுப்பெல்லாம் முடிந்த பிறகு ஜீப் மறுபடி வந்தது. டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார்: “அந்தக் கிருமி உங்க பொண்ணு உடம்புக்குள்ளயும் வந்துட்டுப் போயிருக்குங்க. அது வந்து போன அடையாளம் ரத்தத்துல இருக்கு. இந்த ஊர்ல நெறைய புள்ளைங்களுக்கு அப்படித்தான். வந்ததே தெரியாம போயிடுது. எப்பவோ ஒருத்தருக்குத்தான் மூளைக்கு ஏறுது.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஏரியில் கிடக்கும் நெல்மணி எனக்குள் வந்திருக்கிறது. நான் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு திரிந்த ஏதோ ஒரு நாளில் என் ரத்தம் எனக்கே சொல்லாமல் அதோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறது. என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். அம்மா கூப்பிடக் கூப்பிட, அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, எனக்கும் அந்த மூளைக்காய்ச்சல் கிருமி வந்துச்சாம்! வந்துட்டுப் பூட்ச்சாம்! எனக்குத் தெரியவே இல்ல!”

முறம் நின்றது. “ஒனக்குமா?”

“ஆமா, டாக்டரம்மா சொன்னாங்க.”

“ஒடம்புகூடச் சுடலியா?”

“ஒண்ணுமே இல்ல.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து, உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தது.

“எனக்கு இப்ப காய்ச்சல் இல்ல அத்தை” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை.