இடது வளைவில் ஒரு சத்தம்

என் வேலையே சந்தேகப்படுவதுதான். ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையத்தில், காலையில் கேன் கேனாக வந்து இறங்கும் பாலில் தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா, மாவு கலந்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்பவன் நான். கேனைக் கொண்டுவந்தவர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினால் அந்தக் கேனை இரண்டாவது தடவை சோதிப்பேன். வேலை முடிந்ததும் இந்தக் குணத்தைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட முடிவதில்லை. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று இறங்கிப் போய்ப் பார்ப்பேன். தேங்காய்க்காரர் நான் தட்டிப் பார்த்த காயைத்தான் பையில் போட்டாரா என்று தெருமுனையில் நின்று பையைத் திறப்பேன். என் மனைவி என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்படிப்பட்ட நான் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினேன். பெங்களூரில் ஒருவரிடமிருந்து, இரண்டாம் கையாக. டர்போ எஞ்சின், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். விற்றவர் காபி கொடுத்தார். பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தேன் சார் என்றார். சாவியைக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. அவரை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

அந்தக் காருக்குப் பதினாறு இன்ச் சக்கரம் பொருத்தமில்லாமல், பெரிய மனிதர் சின்னப் பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. பதினெட்டு இன்ச் அலாய் போட வேண்டும் என்று ஆறு மாதமாக மனத்தில் அரித்துக்கொண்டிருந்தது. பைபாஸ் ரோட்டில் டயர், அலாய் கடை வைத்திருப்பவன் என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. அவனிடம் போகாமல் வேறு கடைக்குப் போனால் வீட்டில் சோறு கிடைக்காது. அவனிடம் போனால், சொந்தக்காரன்தானே, கேட்கவா போகிறார் என்று எதையாவது தலையில் கட்டிவிடுவானோ என்று எனக்குப் பயம். அதுவும் எங்கள் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்த நேரம். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில், அதாவது இவன் மடியில். வேறு மடி கிடையாது. அவனோடு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் காதுகுத்து நின்றுபோகும், என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

சக்கரம் பெரிதானால் டயரின் பக்கவாட்டு உயரம் குறையும். மொத்த உயரம் ஏறக்குறைய பழையபடிதான் இருக்கும். ஆனால் அகலம் கூடிவிடுவதால் டயர் மட்கார்டை ஒட்டினாற்போல வெளியே வந்து நிற்கும். அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா இருக்குது மாமா" என்றான் மச்சான். கறுப்பு ரிம். சக்கரம் உதறாமல் சுற்ற ரிம்மின் உள்பக்கம் ஒட்டுகிற பேலன்சிங் ஈயத் துண்டுகளைக்கூடக் கறுப்பாகவே தேடி வாங்கியிருந்தான். "வெள்ளை ஈயம் ஒட்டினா இருட்டுல பல்லு தெரியற மாதிரி இருக்கும் மாமா" என்று அவனே சிரித்துக்கொண்டான். அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சக்கரம் போட்ட எந்த வண்டியையும் அப்படியே கொடுத்துவிட மாட்டான். கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, அவனே வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் அண்ணாமலையை ஒரு சுற்று வலம் வருவான். சாமிக்குச் சாமியும் ஆச்சு, சோதனை ஓட்டமும் ஆச்சு. "மலையைச் சுத்திட்டு வந்த வண்டி மேல எவனும் குறை சொன்னது இல்ல" என்பது அவன் பெருமை.

நான் சொன்னேன். வண்டியை எடுத்த அந்த வாரமே, பைபாஸிலிருந்து எங்கள் தெருப்பக்கம் இறங்கும் வளைவில், பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். கோணிச்சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுத்ததுபோல. மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும்போல எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டது. ஆனால் தம்பி போட்ட சக்கரம் ஆயிற்றே. "ரோடு சரியில்லைங்க" என்றாள்.

மச்சானிடம் கொண்டுபோனேன். மலையைச் சுற்றிவிட்டு வந்து, "பூ மாதிரி ஓடுது மாமா" என்றான். மறுபடி சத்தம், மறுபடி போனேன், மறுபடி அவன் மலையைச் சுற்றினான். மூன்றாவது தடவை நானும் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சத்தமே இல்லை. அதே பைபாஸ் இறக்கத்துக்கும் இருவருமாகப் போனோம். அங்கேயும் வண்டி வாயைத் திறக்கவில்லை. அவன் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தான். நான் அவன் கால் ஆக்சிலேட்டரில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் மட்டும் கேட்கிற சத்தம், அவனிடம் போனால் அடங்கிவிடுகிறது என்றால் என்ன பொருள்? எங்கோ அடிபட்டு நெளிந்த ரிம்மை வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான். எது தாங்கும், எது தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அதற்குத் தகுந்தாற்போல் ஓட்டிக் காட்டுகிறான். இப்படி ஒன்று தோன்றிவிட்டால் பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிடும். அவன் போன் எடுக்கத் தாமதமானால் ஒளிகிறான் என்று நினைத்தேன். உடனே எடுத்தால் பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன். கடைக்குப் போனபோது பகோடாவும் டீயும் வாங்கி வரச் சொன்னான். எதை மறைக்க இந்த உபசாரம் என்று யோசித்தபடியே பகோடாவை முழுக்கத் தின்றேன்.

கம்பெனி மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலூர் போனேன். அங்கே ஒரு பெரிய டயர் கடையில் நாலு சக்கரத்தையும் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். "நல்ல சரக்கு சார், அடிபட்ட ரிம் இல்ல. பேலன்சிங்தான் கொஞ்சம் கம்மி" என்று, உள்ளே இருந்த ஈயத்தை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிக் கொடுத்தார்கள். நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். கண்ணமங்கலம் தாண்டும்போது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தானே, இந்தக் கடைக்காரன் மச்சானுக்குப் போன் செய்திருப்பானோ என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன். சர்ர்.

காதுகுத்துக்கு அழைக்க அடி அண்ணாமலையில் இருக்கும் பெரியப்பா முறை வீட்டுக்கு எல்லாரும் கிளம்பினோம். மச்சான்தான் ஓட்டினான். அவனுக்குப் பின்னால் மனைவி, மடியில் குழந்தை. நான் முன்சீட்டில். செங்கம் ரோடு வழியாக, மலை வலது கைப்பக்கம் இருக்க, வழக்கம்போல வலமாகவே போனோம். சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை.

"உன் கை பட்டா மட்டும் எப்படி அடங்கிப்போவுது? எந்த வெல்டிங் சக்கரத்தடா எங்க தலையில கட்டின?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியப்பா வீட்டில் பத்திரிகை வைத்து, காபி குடித்து, வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "எங்க அக்கா ஏறி உக்கார்ற வண்டி மாமா இது. அதுக்கு நான் வெல்டிங் வெச்சதக் குடுப்பனா? அப்படித் தோணுச்சுன்னா காதுகுத்துக்கு வேற மாமனைப் பாத்துக்குங்க."

பின்னால் என் மனைவி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை. குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் நான் இறங்கி வரவில்லை.

விடிந்தால் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும் நாள். வலமாகவே கொஞ்ச தூரம் போவதற்குள், கூட்டத்துக்காகப் போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டிருந்தார்கள். வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். மச்சான் தயங்கினான். கற்பூரம் காட்டிய வண்டியை மலையைச் சுற்றி இடமாக அவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. "சாவுக்குத்தான் சார் இடமா சுத்துவாங்க" என்று போலீஸ்காரரிடமே சொல்லிப் பார்த்தான். அவர் கையை மட்டும் ஆட்டினார். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினான். முதல் பெரிய இடது வளைவு வந்தது.

சர்ர்ர்.

மச்சான் காலை எடுத்துவிட்டான். வண்டி தானாக ஓரம் போய் நின்றது.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ எப்ப எடுத்தாலும் வலமாத்தானடா சுத்துற? வண்டி வலது கைப்பக்கமே திரும்பிக்கினு இருந்தா இந்தச் சத்தம் உனக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள்.

அவன் இறங்கிப்போய் வலது பின்சக்கரத்தின் முன்னால் குந்திக்கொண்டான். இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரமெல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதற்கு நேர் மேலேதான் என் மனைவியும் குழந்தையும். அவர்கள் பின்னால் இருந்து, வண்டியும் இடது பக்கம் வேகமாகத் திரும்பினால்தான் டயர் உரசும். பைபாஸ் இறக்கமும் இடது வளைவுதான். மலையை வலம் வருகிற பாதையிலும் சின்னச் சின்ன இடது வளைவுகள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் நடக்கிறவர்களுக்கும் சாமியார்களுக்கும் வழிவிட்டு ஊர்ந்துதான் போக முடியும். அவன் கடையிலிருந்து போன வண்டிகள் எல்லாமே இப்படி ஒரு பக்கம் மட்டும் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணம் அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

நேராகக் கடைக்குப் போய் வண்டியைத் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உள்விளிம்பை விரலால் தடவியவன், ஒரு இடத்தில் தட்டினான். தகரச் சத்தம் வரவில்லை. மொத்தென்றது. "பட்டி மாமா" என்றான். எப்போதோ அடிபட்டு ஒடுங்கிய இடத்தை இழுத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பக்க விளிம்பு மட்டும் உள்ளே தணிந்திருந்தது. பெங்களூர்க்காரர் கண் கலங்கியது ஞாபகம் வந்தது.

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மச்சானும் சிரிக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் கழற்றிவைத்த சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு ரிம்மில் வெள்ளை ஈயம், வரிசையாக.

"இது நான் ஒட்டினது இல்ல" என்றான். யார் ஒட்டியது என்று கேட்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டான்.

"வேலூர்" என்றேன்.

"ம்" என்றான். விளிம்பை வெப்பக்காற்றில் சூடாக்கி, டயரில் படாதபடி மெல்ல மெல்ல மேலே மடக்கி, சக்கரத்தை மாட்டி, எங்களை அப்படியே உட்காரவைத்து இடது வளைவாகத் தேடித்தேடி ஓட்டிக் காட்டினான். சத்தம் இல்லை. என் மனைவி பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள். வேலூர் விஷயம் அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை.

காதுகுத்து அன்று மச்சான் விடியும்போதே வந்துவிட்டான். மாலை, பட்டுப்பாவாடை, பழத்தட்டு, எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து பொரிகடலையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. கோவில் மண்டபத்தில் சொந்தமெல்லாம் சுற்றி நின்றிருக்க, ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் தோடு எங்க?" என்றார். மச்சான் சட்டைப்பையிலிருந்து சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்தான். ஆசாரியிடம் கொடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினான்.

"மாமா, முதல்ல நீங்க பாத்துடுங்க. வேணும்னா வேலூர்ல காட்டிட்டு வாங்க. புள்ளய மடியிலயே வெச்சிக்கினு இருக்கறேன், ஒண்ணும் அவசரம் இல்ல."

சுற்றி இருந்தவர்கள் ஏதோ மாமன் மச்சான் கேலி என்று சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "வேலூரா? மீட்டிங்னு சொல்லிட்டுப் போனீங்களே?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னையும். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெட்டியை வாங்கித் திறக்காமல் அப்படியே ஆசாரியின் கையில் வைத்தேன். அந்த ஒரு நொடியில், உள்ளங்கையில் அது கொஞ்சம் லேசாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. மச்சான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.